பொட்டு வைத்த பேனல்

என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டுக்கொள்ளும் உரிமை வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. கல்லூரியில் என் அறை வாசலில் பலகையே மாட்டிவிட்டார்கள். நானாக எங்கும் அப்படி எழுதுவதில்லை. பணிவு என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. பணிவெல்லாம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். அது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

துவாக்குடிக்குப் போகும் வழியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் நடத்துகிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். நாற்பது வயதுக்கு மேல் பகுதிநேர ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தேன். சேரும்போது நேர்காணலில் 'அறிவுத் தாகம்' என்று சொன்னேன். தாகமாவது ஒன்றாவது. என்னிடம் படித்த பிள்ளைகள் எனக்கு மேலதிகாரிகளாக வந்து உட்காருவதைப் பொறுக்க முடியவில்லை, அதுதான் விஷயம்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு தூசி. சோலார் பேனல் மேல் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். தண்ணீர் விட்டுக் கழுவலாம், ஆனால் எங்கள் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விடும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். தண்ணீரும் கையும் படாமல் தூசியை எடுக்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி மேல் தலைமுடியைவிட மெல்லிய, கண்ணுக்குத் தெரியாத கம்பிக் கோடுகளை வரிசையாகப் பதிக்க வேண்டும். அந்தக் கோடுகளுக்கு உயர் மின்னழுத்தத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால், மின்புலம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அலையாக நகரும். தூசித் துகள்கள் அதில் மின்னூட்டம் பெற்று, எழும்பி, தள்ளப்பட்டு, விளிம்பில் போய்க் கீழே விழும்.

முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் சலித்த செம்மண்ணைக் கண்ணாடி மேல் தூவி ஸ்விட்சைப் போட்ட அன்றைக்கு, சூடான எண்ணெயில் கடுகு பொரிவது போல மண் துள்ளியது. அரை நிமிடத்தில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. யாரும் இல்லாத அறையில் நான் கை தட்டினேன். அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதை மட்டும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு சிக்கல் இருந்தது. தூசி ஈரமானால் அசையாது, கண்ணாடியோடு அப்பிக்கொள்ளும். எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தாலும் அப்படியே கிடக்கும். இது முதல் மாதமே எனக்குத் தெரியும். என் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

வெளியில் வெயிலிலும் காற்றிலும் வைத்துப் பார்த்தால்தான் ஆராய்ச்சி என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசலுக்குப் பக்கம், சேவிக்க வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. அதன் மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல்கள். மேனேஜர் எங்கள் தெருக்காரர், பெரியவர். கேட்டவுடன் சரி என்றார். மாடியின் கோடியில் என் இரண்டு பேனல்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினேன். ஒன்று கோடு போட்டு மேலே மெல்லிய காப்புப் பூச்சு பூசியது, ஒரு சின்ன மின்பெட்டியோடு இணைத்தது. இன்னொன்று சும்மா இருப்பது. இரண்டும் தரும் மின்சாரத்தை ஒப்பிட்டால் என் கோடுகளின் யோக்கியதை தெரிந்துவிடும்.

அந்த மாடியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் பேனல் கழுவ ஓர் அக்கா வருவார். சமயபுரத்துக்கு அந்தண்டை ஏதோ ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இடுப்பில் அடிபட்டதிலிருந்து குனிந்து நடவு நட முடியாது என்று ஒரு நாள் சொன்னார். பேனலைக் கழுவுவது நீளக் கம்பு வைத்த மாப்பால் நின்றபடியே செய்கிற வேலை. அதனால் அது அவருக்குத் தோதாக இருந்தது. அந்த வேலை போய்விடக் கூடாது என்று யாரையும் ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல், மாடியைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்.

முதல் நாளே அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "அக்கா, கடைசியில இருக்கற இந்த ரெண்டு பேனலையும் நீங்க கழுவக் கூடாது. தப்பித் தவறிக்கூட."

"சரிங்க டீச்சர். கழுவல" என்றார்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் என் கோடுகள் என் மானத்தை வாங்கின. கொள்ளிடக் கரைப் பக்கமிருந்து வரும் தூசி, அடுப்புப் புகை, புறா எச்சம் எல்லாம் சேர்ந்து படிந்த அழுக்கு ஆய்வுக்கூடத்துச் செம்மண் போலச் சொன்னபடி கேட்கவில்லை. கோடு போட்ட பேனலுக்கும் சும்மா இருந்த பேனலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் எரிந்து விழுந்தேன். பிள்ளைகள் நான் வந்தாலே வேறு அறைக்குப் போனார்கள்.

ஆயுத பூஜை வந்தது. என் அப்பா தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை பார்த்தவர். ஆயுத பூஜை அன்றைக்கு எங்களைக் கூட்டிப்போய் அவர் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்வார். அந்தப் பழக்கத்தில், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பூஜை முடிந்ததும் மிச்சமிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு விடுதி மாடிக்குப் போனேன். மின்பெட்டியில் ஒரு பொட்டு. கோடு போட்ட பேனலின் சட்டத்தில் மூன்று பொட்டு. ஒரு முழம் பூ. சும்மா இருந்த பேனலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. அது மெஷின் இல்லையே! அக்கா பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிளம்பும் முன் மின்பெட்டியில் அலையின் வேகத்தையும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்தேன்.

பத்து நாளில் எல்லாம் மாறியது. கோடு போட்ட பேனலின் கணக்கு மேலே ஏறியது, மற்றது இறங்கியது. ஐப்பசி மழை இரண்டையும் சமமாகக் கழுவிவிட்டுப் போனது. மழை நின்றதும் மறுபடி அதே வித்தியாசம். மார்கழிப் பனியில்கூட என் பேனல் அசரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேகத்தைக் கூட்டியதுதான் மர்மம் என்று முடிவு கட்டி, அதற்கு ஒரு விளக்கம் எழுதி, சமன்பாடும் போட்டேன். தப்பான விஷயத்துக்குக் கச்சிதமான சமன்பாடு போட முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பனி பெஞ்சா தூசி ஒட்டிக்குமேம்மா? உங்க லேப்ல அசையலைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"இது புது செட்டிங் சார்" என்றேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் அதே வேகத்தில் ஈரத் தூசியை ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கலாம். பத்து நிமிட வேலை. செய்யவில்லை. வேண்டிய பதில் கையில் கிடைத்த பிறகு யார் கேள்வி கேட்பார்கள்?

மாசி மாதம் ஒரு காலை, கணக்குப் பதியும் கருவி நின்றுவிட்டது. அதைச் சரிபார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம் என்று வழக்கத்துக்கு முன்னாலேயே விடுதிக்குப் போனேன். மாடிக் கதவைத் தள்ளினால், அக்கா என் பேனலின் முன்னால் நிற்கிறார். கையில் வெள்ளைத் துணி. மேலிருந்து கீழாகப் பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"துடைக்கிறேன் டீச்சர்."

"கழுவக் கூடாதுன்னு சொன்னேனே!"

அவர் முகத்தில் வருத்தமே வந்துவிட்டது. "நான் எங்க டீச்சர் கழுவினேன்? ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலையே. துணியை நனைச்சுப் புழிஞ்சு துடைச்சேன், அவ்வளவுதான்."

"எத்தனை நாளா?"

"பூஜை போட்டதுலேருந்து. வர்ற அன்னிக்கெல்லாம் துடைச்சிடுவேன். பொட்டு வச்ச பொருளை அழுக்கா விடலாமா? வெள்ளிக்கிழமையானா பொட்டும் புதுசா வச்சிடுவேன்."

"அந்தப் பேனலை?"

"அதை ஏன் தொடுறேன்? அதுக்குத்தான் நீங்க பொட்டே வைக்கலையே."

தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அடை மழை பெய்த ஐப்பசியிலும் அந்தக் குங்குமம் அழியாமல் இருந்ததை வாராவாரம் பார்த்திருக்கிறேன். மழையில் குங்குமம் எப்படி நிற்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று சொல்வதும் பாதிப் பொய்தான். ஒரு தடவை தோன்றியது, உடனே வேறு எதையோ நினைத்துக்கொண்டேன். ஐந்து மாதமாக நான் படம் போட்டுக் காட்டிய மின்புலம், ஒரு பழைய வேட்டித் துணி.

அவரிடம் விளக்கினேன். இந்த மெஷின் தானாகத் துடைத்துக்கொள்ள வேண்டும், நீங்கள் துடைத்தால் அது வேலை செய்கிறதா என்றே தெரியாது, இதை வைத்துத்தான் நான் பட்டம் வாங்க வேண்டும் என்றேன்.

"ஐயய்யோ, உங்க படிப்பைக் கெடுத்துட்டேனா டீச்சர்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. இனிமே துடைக்காதீங்க, போதும்."

அன்றைக்கே பேராசிரியரிடம் போயிருக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து, பாலத்தைத் தாண்டும்போது சொல்லப்போகும் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தேன். கல்லூரிக்குள் நுழைந்ததும் முதல்வர் கூப்பிட்டுக் கை குலுக்கினார். பெரிய அளவில் நிதி தரும் குழு ஒன்று என் பேனலைப் பார்க்கப் பங்குனியில் வருகிறதாம். தயார் செய்த வாக்கியத்தைச் சொல்லாமல், எந்தத் தேதியில் என்று கேட்டேன்.

மூன்று வாரத்தில் இரண்டு பேனலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. காய்ந்த தூசி விழும் மத்தியான வேளைகளில் என் கோடுகள் ஏதோ கொஞ்சம் தள்ளின. காலைப் பனியில் ஒட்டியது ஒட்டியதுதான். குழு வரும் நாள் காலையில், கல்லூரிக் காருக்கு முன்னாலேயே விடுதிக்குப் போய், அந்த அக்காவிடம் நான் சொன்னேன். இந்த வாக்கியத்தை எழுத எனக்குப் பேனா ஓடவில்லை. "அக்கா, இன்னைக்கு மட்டும் ஒரு தடவை துடைச்சு விட்டுடுங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. துடைத்தார். பொட்டும் வைத்தார்.

வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். முதல்வர், பேராசிரியர், குழுவினர், மேனேஜர். இரண்டு பேனலையும் பார்த்து வியந்தார்கள். படம் எடுத்தார்கள். குழுவில் தலை நரைத்த ஒருவர் மட்டும், மாப்போடு ஓரமாக நின்ற அக்காவைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, இந்தப் பேனலை நீங்க எப்பவாவது துடைக்கிறது உண்டா?"

அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஒரு நொடி இருக்கும். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இல்லைங்க ஐயா. நான் அதைத் தொடுறதே இல்லை. அதுவே துடைச்சுக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். இறங்கும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "சரியா சொன்னேனா டீச்சர்?" என்றார். பரீட்சை எழுதிவிட்டு வந்த குழந்தை கேட்பது போலத்தான் கேட்டார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். வாய் திறந்து ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

நிதி வந்தது. விடுதியின் ஒரு வரிசை முழுக்கக் கோடு போட்ட கண்ணாடி பொருத்துவது என்று முடிவானது. பாதுகாப்புக் குறிப்பை நான்தான் எழுதிக் கொடுத்தேன். உயர் மின்னழுத்தம் இருக்கும் மாடியில் தண்ணீர் வாளியோடு ஆள் நடமாடக் கூடாது என்பது அதில் மூன்றாவது வரி. எழுதும்போது அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, மற்ற வரிசைகளுக்கு மழையே போதும் என்று அக்காவை நிறுத்திவிட்டார். கடைசி நாள் அவர் மாப்பையும் வாளியையும் ஒப்படைத்துவிட்டுப் போகும்போது தெருவில் எதிரே வந்தேன்.

"மெஷின் வந்துடுச்சாம். நல்லா ஓடட்டும் டீச்சர். எனக்கு வேற எங்கயாச்சும் கிடைக்கும்" என்றார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

அடுத்த மார்கழியில் அந்த வரிசை மொத்தமும் சேறு பூசியது போல ஆயிற்று. வேறு வழியில்லாமல் போன பிறகுதான் எனக்கு நேர்மை வந்தது. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, பொட்டு, குழு வந்த காலை, எல்லாம். அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு, "அந்த அஞ்சு மாசக் கணக்கை மொத்தமா எடுத்துடுங்க. காய்ஞ்ச தூசிக்கு மட்டும்தான் இது வேலை செய்யும்னு எழுதுங்க. அதுவும் ஒரு முடிவுதானே?" என்றார். நிதி கொடுத்தவர்களுக்கு, 'ஈரத்தில் எதிர்பார்த்த பலன் இல்லை' என்று ஒரு வரிக் கடிதம் போனது. மறுபடி ஒரு கோடைக்காலம் முழுக்கச் சோதித்து, சுருக்கி எழுதிக் கொடுத்தேன். பட்டம் வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும்.

பட்டம் வாங்கிய வாரம், மனசைத் திடப்படுத்திக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனேன். அக்காவை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்காக நடந்ததை முழுக்கச் சொன்னேன். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ அத்தனை பெரிய மனுஷா முன்னாடி அந்த அம்மா பொய் சொல்லியிருக்கா" என்றார்.

"எனக்காகச் சொன்னாங்க. சொல்ல வச்சதே நான்தான்."

"இருக்கட்டும். கேட்டா உள்ளதைச் சொல்லணுமோ இல்லையோ? பெருமாளைச் சேவிக்க வரவா தங்கற இடம். பொய் சொல்றவாளை எப்படி மறுபடி உள்ளே விடறது?" பிறகு என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "நீங்க ஒருத்தரும் கேக்காம தானா வந்து சொன்னேள் பாருங்கோ. இந்தக் காலத்துல யார் சொல்லுவா? நேர்மையானவா நீங்க. பெருமாள் ஒரு குறையும் வைக்க மாட்டார்."

வாதாடினேன். குரலை உயர்த்தினேன். அவர் சிரித்தபடியே ஒரு டம்ளர் தீர்த்தம் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அக்கா சமயபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பின்கட்டில் சிமெண்டுத் தொட்டிக்கு முன்னால் குனிந்து, படுக்கை விரிப்புகளைக் கும்மிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். நிமிர்வதற்கு அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. ஒரு கை இடுப்பில் இருந்தது.

"டீச்சர்! வாங்க வாங்க. மெஷின் எப்படி ஓடுது?"

"ஓடலக்கா. பனியில வேலை செய்யல. எல்லாத்தையும் கழட்டியாச்சு."

அவர் முகம் வாடிவிட்டது. தன் வேலை போனதற்கு வாடாத முகம். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பேராசிரியரிடம் சொன்னது, மேனேஜரிடம் போனது, அவர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றது.

"ஏனாம்?"

"நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னது அவருக்குப் பிடிக்கல."

"பொய் சொன்னேன்னு தெரிஞ்சுபோச்சா?"

"நான்தான் சொன்னேன்."

அவர் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துப் பிழிய ஆரம்பித்தார். மறு முனை தரையில் இழுபட்டது. நான் குனிந்து அதை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் எதிரெதிராக நின்று முறுக்கினோம். கோபப்பட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"என்னைப் பொய் சொல்றவள்னு சொல்லியிருப்பாரு. சரி, சொன்னேன்தான்" என்றார். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டார். "உங்களை என்ன சொன்னாரு டீச்சர்?"

விரிப்பின் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவரிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நேர்மையானவங்கன்னு சொன்னாருக்கா."

அவர் என் கையிலிருந்து விரிப்பை வாங்கிக்கொண்டு காயப்போடப் போனார்.